சொந்தக் கட்டுரையால் இழக்கும் காப்புரிமை

ஓர் அறிஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கட்டுரை வாசித்துப் பரிசு பெற்ற ஆய்வு மாணவி ஒருவர், மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்து, "சார், இனி இதற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கலாமா?" என்றார். நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே தவறு. தம் ஆய்வின் உரிமை விஷயத்தில் ஆய்வு மாணவர்கள் செய்யும் மூன்று தவறுகளை இங்கே சொல்கிறேன். பிறர் எழுத்தைத் திருடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், அதை விட்டுவிடுகிறேன்.

வெளியிட்ட பிறகு விண்ணப்பிப்பது

சாயக் கழிவுநீரைத் தெளிய வைக்கும் ஒரு பொருளை உருவாக்கியிருந்த நான், அதன் சேர்மான விகிதம் உட்பட அனைத்தையும் கருத்தரங்கத் தொகுப்பில் அச்சேற்றிவிட்டு, 16 மாதங்களுக்குப் பிறகே காப்புரிமை முகவரைத் தேடிச் சென்றேன். அவர் என் கட்டுரையையே எடுத்து மேசைமேல் வைத்து, புதியதற்கே காப்புரிமை, ஏற்கெனவே வெளியானது புதியதல்ல, இதுதான் உங்களுக்கு எதிரான சான்று என்றார். நான்கு ஆண்டு உழைப்பு அன்றோடு பொதுச் சொத்தானது. இன்றும் நினைத்தால் மனம் கொதிக்கிறது. ஏனெனில் எங்கள் துறையில் ஒருவரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரைக்கு, 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், 31ஆம் பிரிவில் விலக்குத் தருகிறது. அந்த வாசல் மிகக் குறுகியது. எல்லா ஆய்விதழ்களுக்கும் அது திறக்காது, ஐரோப்பாவில் அப்படியொரு சலுகையே கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு வயதும் இல்லை. மஞ்சளின் காயமாற்றும் பயனுக்கு 1995இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையை நம் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1997இல் வீழ்த்தியபோது, முன்வைத்த சான்றுகளுள் 1953இல் இந்திய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் இருந்தது. பிறர் உரிமையை வீழ்த்தும் அதே விதி நம் உரிமையையும் வீழ்த்தும்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன், கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட விண்ணப்ப ஆவணமான தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். முழு விவரக்குறிப்புக்கு 12 மாத அவகாசம் உண்டு. ஆனால் தலைப்பையும் இரண்டு வரியையும் எழுதித் தாக்கல் செய்வது பயன்படாது, கண்டுபிடிப்பின் உட்பொருள் அதில் இருந்தாக வேண்டும். தாக்கல் செய்த மறுநாளே கட்டுரையை அனுப்பலாம் என்பதால் பட்டமும் தாமதமாகாது.

படிக்காமல் கையெழுத்திடுவது

2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்–ரோஷ் நிறுவனம் வழக்கில், ஆய்வாளர் தம் பல்கலைக்கழகத்திடம் உரிமையை "மாற்றித்தர ஒப்புக்கொள்கிறேன்" என்றும், பயிற்சிக்குச் சென்ற நிறுவனத்திடம் "இதன்வழி மாற்றித்தருகிறேன்" என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். முன்னது வெறும் வாக்குறுதி, பின்னது அப்போதே நடக்கும் உரிமை மாற்றம். அந்த வினைச்சொல் வேறுபாட்டால் எச்.ஐ.வி. அளவிடும் முறையில் நிறுவனத்துக்கும் உரிமை கிடைத்தது.

மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது

கண்டுபிடிப்பில் பங்கில்லாதவர் பெயரை விண்ணப்பத்தில் சேர்க்கக் கூடாது.

மாணவியின் நிலை

இந்திய விண்ணப்பத்தை இவ்வாரமே தாக்கல் செய்கிறோம். ஐரோப்பிய உரிமை அவர் மேடையேறிய அன்றே போய்விட்டது.