வாடியைத் திறந்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் வாடி (கரையோர வலைக்கொட்டகை) மூலையில் குவித்த பழைய வலையை அந்த நாட்களில் யாரும் தொடுவதில்லை. தடை முடியப்போகிறதென்று உள்ளே போய் இழுத்தால், கறுத்த அரிசிபோல எலிப்புழுக்கை உதிரும். ஓலை இடுக்கில் விழும் வெயிலில் தூசி மிதக்கும். கை தானாக விளக்குமாற்றுக்குப் போகும். நானும் பல வருஷம் அப்படித்தான் கூட்டியிருக்கிறேன். இருப்பதிலேயே பெரிய தவறு அதுதான்.

காரணம் ஹன்டா வைரஸ்: எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றி, ரத்தக்கசிவுக் காய்ச்சல் தந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய கிருமி. அது பரவ எலி கடிக்கவே வேண்டாம். அதன் மூத்திரமும் புழுக்கையும் எச்சிலும் காய்ந்து தூசியாகப் பறந்தால், மூச்சோடு உள்ளே போய்விடும். வைரஸைச் சுமக்கும் எலி நோஞ்சானாகவும் தெரியாது, நன்றாக ஓடியாடும்.

அதனால் முதலில் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். கையுறை போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கை மேல் நன்றாகத் தெளியுங்கள். ஐந்து நிமிஷம் ஊறட்டும். பிறகு பழைய துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டுங்கள். பளிச்சென்று ஆகட்டுமே என்று பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். கிளம்பும் விஷவாயு நுரையீரலைக் கெடுக்கும். வலையை உள்ளேயே உதறவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து, மெதுவாக வெளியே இழுத்து, நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள்.

“அதெல்லாம் வெளிநாட்டு நோய்” என்பது அடுத்த தவறு. 1950–53 கொரியப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் இந்த ரத்தக்கசிவுக் காய்ச்சலில் விழுந்தார்கள். அங்குள்ள ஹன்டான் ஆற்றின் பெயரே வைரஸுக்கு வந்தது. அதன் உறவான சியோல் வைரஸோ பெருச்சாளி போன்ற பழுப்பு எலியோடு கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போயிருக்கிறது. நம் வேலூர் தோட்டப்பாளையத்திலேயே 1964-ல் பிடித்த மூஞ்சூறிலிருந்து ஹன்டா வகை வைரஸ் ஒன்று பிரிக்கப்பட்டது. அது மனிதருக்கு நோய் தரும் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமில்லை. நம் கரையில் காய்ச்சல் பரவிக்கிடக்கிறது என்று பயமுறுத்த இதை எழுதவில்லை. கூட்டும் முறையை மாற்ற ஒரு வாளித் தண்ணீர்தானே செலவு?

எலிக்காய்ச்சலும் இதுவும் ஒன்றென்று நினைப்பதும் தவறு. எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது, ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கும். இது வைரஸ், ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காது. நல்ல கண்காணிப்பும், தேவைப்பட்டால் டயாலிசிஸும்தான் உயிரைக் காக்கும்.

அந்தத் தூசி உள்ளே போனபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு எட்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சல் தொடங்கும். தலைவலி, இடுப்புவலி, வயிற்றுவலி, முகம் சிவப்பது, பார்வை மங்குவது. கடலுக்குப் போகிறவர்கள் இடுப்புவலியை வலை இழுத்த வலி என்று விட்டுவிடுவார்கள். மெடிக்கலில் டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ வாங்கிப் போடாதீர்கள்; முன்னது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், பின்னது ரத்தக்கசிவைக் கூட்டலாம். சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “போன மாசம் வாடி கூட்டினேன், எலிப்புழுக்கை கிடந்தது.”