பால்வாடியில் பிள்ளையைச் சேர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

செட்டிநாட்டுப் பக்கம் நிறைய வீடுகளில் பிள்ளை வளர்வது அப்பத்தா, அம்மாச்சி கையில்தான். அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அம்மாவும் வேலைக்குப் போவார். ‘மூணு வயசுதானே, அஞ்சு ஆகட்டும், நேரா ஒண்ணாப்புல போட்டுக்கலாம்’ என்று பாசத்தில் சொல்லிவிடுவார்கள். பெரிய தவறு இதுதான். பேச்சும் பழக்கமும் வேகமாக வளர்கிற இரண்டு வருடம் வீட்டுத் திண்ணையிலும் செல்போனிலுமே போய்விடுகிறது.

அடுத்தது, பால்வாடி என்றால் சோறும் முட்டையும் மட்டுமே என்ற நினைப்பு. முட்டை போடும் நாளில் மட்டும் பிள்ளையை அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பதிந்த எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்பருவக் கல்வியும் ஒரு சேவை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று அதற்குத் தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கிற பிள்ளை கணக்குப் படிக்கிறது. டீச்சர் சொல்லும் கதையை நடுவில் நிறுத்தி ‘அப்புறம்?’ என்று கேட்கிற பிள்ளை மொழி படிக்கிறது. வாரம் இரண்டு நாள் வந்தால் இது ஒட்டாது.

‘எங்களுக்கு எல்.கே.ஜி.தான் வேணும்’ என்று கடன் வாங்கி வேனில் அனுப்புமுன் விசாரியுங்கள். 2019 முதல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. கட்டணம் கிடையாது.

கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம் கேட்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். பிறப்புப் பதிவு, பிறந்த ஊரில்தான் இருக்கும். காரைக்குடியில் வாழ்கிற பிள்ளையின் பதிவு மேலூரிலோ திருமயத்திலோ இருக்கலாம். அதில் பிள்ளையின் பெயர் சேர்க்காமலே விட்டிருப்பார்கள். பெயர் வைத்த கையோடு சேர்த்துவிடுங்கள். 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, பிறகு தாமதக் கட்டணம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்றாலும் அப்போதே திருத்துங்கள்.

வயதும் முக்கியம். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 முடிந்திருக்க வேண்டும், 4 தாண்டியிருக்கக் கூடாது. வருமானச் சான்றிதழ் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். 2 லட்சம் ரூபாய் வரம்பு நலிவடைந்த பிரிவுக்குத்தான். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் வைத்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வழக்கமாகக் கோடையில் திறக்கும், ஆனால் 2025-இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அதனால் ஆன்லைன் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களுக்கும் சொல்லுங்கள்: அவர்கள் பிள்ளைகளுக்கும் பால்வாடியில் இடம் உண்டு.

கடைசியாக ஒன்று. பேச்சு வரத் தாமதமாகிற, நடக்கச் சிரமப்படுகிற பிள்ளையை ‘நாலு பேர் கேப்பாங்க’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் பால்வாடி முதலில் வேண்டும். அரசு மருத்துவக் குழு வருடம் இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பரிசோதிக்கிறது. குறை தெரிந்தால் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். குழு வரும் நாளை டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டு, அன்று பிள்ளையைக் கூட்டிப் போங்கள்.