பன்மையை முன்னால் நகர்த்தினேன்

நான் உருவாக்கும் கற்பனைத் தீவு மொழியில் பன்மை விகுதி, இட வேற்றுமை உருபு இரண்டுமே சொல்லின் கடைசியில் வந்தன. வேகமாகப் பேசினால் உயிரொலி தேய்ந்து, ‘படகுகள்’, ‘படகில்’ என்று பொருள்படும் அந்த மொழியின் இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே ஒலித்தன. உருபை மாற்றினால் வேறு சொல்லோடு மோதியது.

அப்புறம் கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியின் பெயர் வகுப்புகளை, அதாவது பெயர்ச்சொற்களை முன்னொட்டு வாரியாகப் பிரிக்கும் வகைகளைப் படித்தேன். அங்கே பல சொற்களில் ஒருமை, பன்மை சொல்லின் தலையிலேயே தெரிகிறது. அரபியிலிருந்து வந்த ‘கிட்டாபு’ (புத்தகம்) கூடப் பன்மையில் ‘விட்டாபு’ ஆகிறது. கடன் சொல்லின் முதல் அசையையே முன்னொட்டாக எடுத்துக்கொள்ளும் அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பன்மையை முன்னொட்டாக்கினேன், வேற்றுமை பின்னாலேயே இருக்கட்டும் என்று விட்டேன். உயிருள்ளவற்றுக்கு ஒரு முன்னொட்டு, கடல் சார்ந்தவற்றுக்கு இன்னொன்று. பெயரடையும் அதையே ஏற்பதால், சொற்களை இடம் மாற்றினாலும் எது எதோடு சேரும் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.