மரச்சட்டச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நிற்கும் பழைய பங்களாவைப் பழுது பார்க்கப் போகிறீர்களா? முதலில் அந்தச் சட்டம் பாரம் தாங்குகிறதா, வெறும் தோற்றத்துக்கா என்று பாருங்கள்.

இடைக்கால இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்கி, துளையில் நாக்கு கோத்து, மரஆணி அடித்து வீட்டுக்கு எலும்புக்கூடு நிறுத்தினார்கள். இடைவெளியில் வரிச்சு பின்னி, வைக்கோல் கலந்த மண் அப்பினார்கள். சுவருக்குப் பாரமே கிடையாது, எல்லாம் மரத்தின் மேல்தான். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியதே 1822இல் என்பதால் நம் மலையில் இருப்பவை அந்தப் பாணியின் பிற்காலப் பிரதிகள். சட்டங்கள் சேரும் மூலையில் மரஆணித் தலை தெரிந்தால் பாரம் தாங்கும் சட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு அங்குலப் பலகையை இரும்பு ஆணியால் அறைந்திருந்தால் அலங்காரம். உளுத்தால் கழற்றி மாற்றிவிடலாம்.

பாரச் சட்டத்துக்குப் பெரிய எதிரி, பின்னால் வந்தவர்கள் பூசிய சிமென்ட். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே நூலளவு விரிசல் விழும். சாரல் அதன் வழியே உள்ளே போகும். சிமென்ட் அதை ஆவியாக விடாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதி. நிமிர்ந்து நிற்கும் சட்டக்காலின் அடிதான் முதலில் போகும். வெளியே பெயின்ட் பளபளக்கும். குத்தூசியை அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

சிமென்ட்டை உளியால் மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். கூரைத் தகரத்தின் ஒழுக்கையும் கூரை விளிம்பின் மழைநீர் வாய்க்காலையும் அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். வெளித்தரை மண், மரத்தின் அடியிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும்.

அடி மட்டும் அழுகியிருந்தால் முழுக்காலையும் மாற்ற வேண்டாம். மேல் உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டு, நல்ல மரம் வரை வெட்டி, அதே சாதி உலர்ந்த மரத்தைச் சாய்வொட்டாக (இரு முனைகளையும் சாய்வாக வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி) சேர்க்கவும். ஒட்டின் நீளம் சட்டத்தின் கனத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். வெட்டுச் சாய்வு வெளிப்பக்கம் தாழ்ந்திருந்தால் மழைநீர் வழிந்துவிடும். உள்ளே சாய்ந்தால் ஒட்டே தொட்டியாகிவிடும். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

பூச்சுக்கு, மூன்று வாரமாவது ஊறிய சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, கூர்மணல் மூன்று பங்கு, பிய்த்த ஆட்டுமுடி கொஞ்சம். ஒரு முறை பூசும்போது 10 மில்லிமீட்டருக்கு மேல் போடாதீர்கள், வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாக உலரவிடுங்கள். பச்சைச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இந்த வேலைக்கு எங்கள் சிபாரிசு பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் இறுகாத சுண்ணாம்பு பொரிந்து உதிரும். ஜூனில் சாரல் கழுவிவிடும்.

முதல் வருடம் மரத்துக்கும் பூச்சுக்கும் இடையே மெல்லிய கோடு விழும். சிலிகான் வைத்து அடைக்காதீர்கள், ஈரம் மறுபடி உள்ளேயே சிக்கும். முடி கலந்த சுண்ணாம்பையே திணித்து, மேலே தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து முறை அடியுங்கள்.