உயரமாக இருக்கிறான், ஸ்டாப்பர் போடு!

காட்பாடிப் பக்கம் ஏதாவது ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கால்பந்துக்கு டீம் பிரிப்பதைப் பாருங்கள். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்டு. ஓடச் சோம்பல்படுகிறவன் கோலி, அதாவது கோல்கீப்பர். மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாக இருக்கிறவன் ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு முன்னால் நடுவில் நின்று எதிரணியைத் தடுப்பவன். பள்ளியில் என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். "பந்து வந்தா யோசிக்காத, தூக்கி அடி!" இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். நான் அடித்ததில் பாதி முள்வேலிக்குள் போனது. எடுத்து வரவும் நான்தான் போக வேண்டும்.

இன்றைக்கும் டீம் நடத்துகிறவர்கள் பலர் உயரத்தைப் பார்த்தே ஆளை எடுக்கிறார்கள். ஆனால் 2006 உலகக் கோப்பையை இத்தாலி கேப்டனாகத் தூக்கிய ஸ்டாப்பர் ஃபாபியோ கன்னவாரோவின் உயரம் 176 சென்டிமீட்டர். அதே வருடம் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதும் அவருக்குத்தான். 2022இல் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியின் ஸ்டாப்பர் லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் அவரைவிடவும் ஒரு விரற்கடை குட்டை. உயரம் வீண் என்று சொல்லவில்லை. 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டியில் பெங்களூரு அணியை அவர்கள் மைதானத்திலேயே சென்னையின் எஃப்சி அணி 3-2 என்று வென்றபோது, அதில் இரண்டு கோல் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியவை. ஆனால் உயரத்தை மட்டும் வைத்து ஆளை எடுத்தால், பந்து தரையில் வரும் நேரமெல்லாம் அவன் என்ன செய்வான்?

அடுத்த தவறு, ஸ்டாப்பர் பாஸ் போடுவதை ஏதோ புது ஃபேஷன் என்று நினைப்பது. ஜெர்மனியின் பெக்கன்பவர் 1974லேயே பின்னாலிருந்து பந்தை ஓட்டிக்கொண்டு முன்னேறியவர். இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது விதிகள். 1925இல் ஆஃப்சைடு விதியை (பந்து வருமுன்பே எதிரணி கோல் பக்கம் போய்க் காத்து நிற்பதைத் தடுப்பது) தளர்த்தியதும் கோல்கள் குவிந்தன. நடுக்களத்தில் ஆடிய சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்தார்கள், ஸ்டாப்பர் பிறந்தார். 1992இல், சக வீரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோலி கையில் எடுக்கக் கூடாது என்றானது. அதுவரை நெருக்கடி வந்தால் கோலியிடம் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். அந்தக் கதவு மூடிய பிறகு காலில் பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் மாட்டிக்கொண்டான். 2019 முதல், கோலி பக்கமிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கோல் கிக்கை, கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே சக வீரர் வாங்கலாம். ஆக, எதிரணி பாய்ந்து வரும்போது சொந்த கோலுக்குப் பத்தடி முன்னால் பந்தை நிறுத்துவதும் ஸ்டாப்பர் வேலையாகிவிட்டது.

பாய்ந்து டேக்கிள் போடுகிறவனே நல்ல ஸ்டாப்பர் என்பது இன்னொரு மயக்கம். சறுக்கி விழுந்து செம்மண்ணோடு எழுந்தால் நம் ஊரில் கைதட்டல் நிச்சயம்! 2019 மார்ச் மாதம் லிவர்பூல், டாட்டன்ஹாம் ஆட்டத்தில் லிவர்பூல் ஸ்டாப்பர் வான் டைக் செய்ததைத் தேடிப் பாருங்கள். டாட்டன்ஹாமின் சிசோக்கோ பந்தோடு வருகிறார், பக்கத்தில் அவருடைய அணியின் சோன் ஓடி வருகிறார், எதிரே வான் டைக் ஒற்றை ஆள். அவர் பாயவே இல்லை. பின்வாங்கிக்கொண்டே சோனுக்குப் பந்து போகும் வழியை மறித்தார். சிசோக்கோ தனக்கு வராத இடது காலால் அடிக்க வேண்டியதாயிற்று. பந்து கம்பத்துக்கு மேலே போனது. பந்தைத் தொடாமலேயே ஒரு கோலைத் தடுத்தார். இப்போது அணிகள் நடுக்கோடு வரை ஏறி நின்று ஆடுவதால் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறது. தப்பாக ஒரு தடவை பாய்ந்தால் போதும், அப்புறம் துரத்த வேண்டியதுதான்.

சரி, இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மான்செஸ்டர் சிட்டியில் ஸ்டாப்பர் ஜான் ஸ்டோன்ஸ் நடுக்களத்துக்கு ஏறி ஆடியதை டிவியில் பார்த்துவிட்டு, நம் கட்டாந்தரையிலும் கோலியிலிருந்து குட்டிப் பாஸாகவே ஆடச் சொல்கிறார்கள். சிட்டி ஆடுவது பாய் விரித்த மாதிரி புல்லில். இங்கே ஒரு சரளைக்கல்லில் பட்டால் பந்து முழங்காலுக்கு எகிறும். தூக்கி அடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும், எப்போது என்பதையும் சேர்த்து.

பையன்களிடம் நான் முதலில் திருத்துவது நிற்கும் விதத்தை. இடப்பக்கத்திலிருந்து பாஸ் வருகிறது என்றால் பந்துக்கு நேராக மார்பைக் காட்டி நிற்கிறார்கள். அப்படி நின்றால் வந்த வழியே திருப்பித்தான் விட முடியும். அரைவாசி திரும்பி நின்று, தூரத்தில் இருக்கும் வலது காலால் வாங்கினால் வலப்பக்கம் முழுக்கக் கண்ணில் படும். பந்து வருவதற்கு முன்பே ஒரு தடவை தோளுக்குப் பின்னால் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறுவதற்குள், காலை ஏழு மணிக்கு, சுவரில் அடித்து இருபது தடவை வாங்கிப் பழகினால் இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும். குட்டைப் பையன்களையும் சேர்த்து நிறுத்துங்கள்.