4294967297: பகா எண் என்று ஏமாற வைக்கும் இடங்கள்

32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் 4294967297. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது நேரும் சறுக்கல்களில் பலவற்றை இந்த ஒரே எண்ணில் பார்த்துவிடலாம்.

முதலில் சறுக்கியவர் சாதாரண ஆள் இல்லை, 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று வைத்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் நம் எண்ணும், அதற்கு மேல் உள்ளவையும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. அந்த ஐந்துக்குப் பிறகு இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை.

2, 3, 5, 7, 11, 13 வரை வகுத்துப் பார்த்துவிட்டு 'பகா எண்தான்' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி இருப்பதால் அதுவரை பார்த்தாக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வகுக்க வேண்டியதில்லை. இதன் பகா காரணியை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது!

இதைச் சரிபார்க்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 641-க்கு 1 குறைவு). நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது.

காரணி கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். 6700417-ஐயும் 2588 வரை சோதித்த பிறகே அது பகா எண் என்று சொல்லலாம். (அது பகா எண்தான்.)

இலக்கங்களின் கூட்டல் 59. அது பகா எண் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 3-ஆல் வகுபடாது, அவ்வளவுதான். 2-ஐ அடியாக வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையையும் (எண்ணில் 1 குறைத்து, அதை 2-இன் அடுக்காக வைத்து, வருவதை அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) நம்ப வேண்டாம். இந்த எண் அதில் தேறிவிடும், 3-ஐ வைத்தால்தான் மாட்டும். 65536² + 1² என்று இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிவதும் சான்றாகாது. 62264² + 20449² என்றும் எழுதலாமே! பகா எண்ணாக இருந்தால் ஒரே வழிதான் இருக்கும்.

நிரல் எழுதிச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. குறியில்லா 32 பிட் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. நம் எண்ணை அதில் போட்டால் 1 மட்டுமே மிஞ்சும். நிரலும் கூசாமல் 'பகாவும் இல்லை, பகுவும் இல்லை' என்று சொல்லும். 64 பிட் மாறியையே எடுங்கள்.