வசனத்தை அசைபோட்டு ஜெபிப்பது எப்படி? சங்கீதம் 23-ஐக் கொண்டு ஒரு தொடக்கம்

தினமும் வேதம் வாசித்தும் ஜெபம் வறண்டே இருக்கிறது என்று வருந்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் ஆண்டில் வேதாகமம் முழுவதையும் முடிக்கும் அட்டவணைப்படி நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரங்களை நானும் கடந்துகொண்டிருந்தேனே தவிர, வாசித்ததில் ஒரு சொல்லேனும் மத்தியானம்வரை என்னோடு தங்கியதில்லை.

நான் கற்றுக்கொண்ட முறை பழமையானது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி (தனிமையில் வாழும் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர்), வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் இளைப்பாறுதல் என்று இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். உணவை வாயில் இடுவது வாசிப்பு, மெல்லுவது தியானம், சுவையை எடுப்பது ஜெபம், அந்த இனிமையே நான்காம் படி என்பது அவர் சொன்ன உவமை.

இருபது நிமிடம் போதும். பெரம்பூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டால் அமைதி கலைந்துவிடும் என்பதால், நான் விடியற்காலை ஐந்து மணிக்கே அமர்ந்துவிடுவேன். கைப்பேசியில் வாசிக்க வேண்டாம். அச்சிட்ட வேதாகமமே வேண்டும். அதிலும், வசனங்களின் ஓரத்தில் தொடர்புள்ள மற்ற வசனங்களைக் குறித்துக்காட்டும் ஒத்தவாக்கிய வேதாகமத்தை இந்த நேரத்துக்கு எடுக்காதீர்கள். பிரசங்கம் ஆயத்தம் செய்ய அதைவிடச் சிறந்தது இல்லை; ஆனால் இங்கே ஒரு வசனத்தில் நிற்க விடாமல், அது உங்களைப் பத்து வசனங்களுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

முதல் படி: சங்கீதம் 23-ஐ இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள். ஆறே வசனங்கள்தான். மனப்பாடமாகத் தெரியும் என்றாலும் கண்ணால் பார்த்தே வாசியுங்கள்.

இரண்டாம் படி: எந்தச் சொல்லில் மனம் சற்றுத் தங்குகிறதோ, அங்கே நிறுத்தி அதை வாய்க்குள் முணுமுணுங்கள். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும்" தியானிப்பதைக் குறிக்கும் எபிரெயச் சொல்லுக்கு மெல்லிய குரலில் முணுமுணுப்பது என்றும் பொருள் உண்டு. ஏசாயா 38:14-இல் "புறாவைப்போல் புலம்பினேன்" என்ற இடத்திலும் அதே வினைச்சொல்தான் வருகிறது. ஆகவே உதடு அசையட்டும். மாடு அசைபோடுவதைப்போல ஒரே சொல்லை மறுபடியும் மறுபடியும் மேலே கொண்டுவாருங்கள்.

மூன்றாம் படியில்தான் நான் மாதக்கணக்கில் தடுமாறினேன். ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறவனாதலால், எந்த வசனத்தை எடுத்தாலும் அது என் மனத்தில் உடனே பாடமாகிவிடும்: மேய்ப்பன் என்றால் யார், கோல் எதற்கு, தடி எதற்கு, பிள்ளைகளுக்கு எப்படி விளக்கலாம். தேவனைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தேன், தேவனோடு பேசவில்லை. என் தாயார் அறுவை சிகிச்சைக்காக உள்ளே சென்றிருந்த ஒரு நாளில், மருத்துவமனை வராந்தாவில் இந்தச் சங்கீதத்தை முணுமுணுத்தபோதுதான் அதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாம், மூன்றாம் வசனங்களில் தாவீது "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று கர்த்தரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரையே நோக்கிப் பேசத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பெஞ்சில் நானும் அப்படியே திரும்பினேன். "அம்மாவோடேகூட இரும், ஆண்டவரே" என்பதற்குமேல் ஒன்றும் சொல்ல வரவில்லை, அது போதுமாயிருந்தது.

அன்றுமுதல் நான் செய்வது இதுதான். அசைபோட்ட சொற்றொடரில் "அவர்" இருந்தால் "நீர்" என்று மாற்றி, அன்றைக்கு என் மனத்தை அழுத்துகிற காரியத்தை அதற்குள் வைத்து ஜெபிக்கிறேன். "நீர் என்னை அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில் கொண்டுபோய் விடுகிறீர், இந்த மாதக் கடனை நினைத்து நான் அமராமல் இருக்கிறேன்" என்பதுபோல் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அழகான வாக்கியம் தேவையில்லை.

நான்காம் படியில் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் இருங்கள். மனம் அலைந்தால் அதே சொல்லுக்குத் திரும்புங்கள்.

பின்சேர்க்கை: திருவிவிலியம் வாசிக்கும் கத்தோலிக்க அன்பர் ஒருவர், தம் பதிப்பில் "தேவரீர்" இல்லையே என்று கேட்டிருந்தார். 1995-ஆம் ஆண்டின் அந்தப் பொது மொழிபெயர்ப்பில் நான்காம் வசனம் "நீர் என்னோடு இருப்பதால்" என்று வரும். திருப்பம் அதே இடத்தில்தான் நிகழ்கிறது.

வீட்டில் தனியிடமே இல்லை, தாம்பரத்திலிருந்து கடற்கரைவரை மின்சார ரயிலில் போகும் நேரம்தான் இருக்கிறது என்று ஒரு சகோதரி எழுதினார். வாசிப்பை முந்தின இரவே முடித்து, ஒரே ஒரு சொற்றொடரைச் சீட்டில் எழுதி சீசன் டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாம், மூன்றாம் படிகளை நெரிசலிலும் செய்யலாம், உதடு அசைவதை யாரும் கவனிப்பதில்லை. நான்காம் படியை மட்டும் வீட்டில் எல்லாரும் உறங்கியபின் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.